மீருக்குப் போன கலமும் அம்மாவுக்குப் போன பெட்டியும்

1

என் அம்மா இறந்தது ஒரு முறைதான். ஆனால் அதற்கு எங்கள் வீட்டில் இரண்டு திகதிகள் இருக்கின்றன. ஒன்று எனக்குச் சொல்லப்பட்ட திகதி, மற்றது உண்மையான திகதி. இரண்டுக்கும் இடையில் நான்கு கிழமைகள், இருபத்தெட்டு நாட்கள்.

இந்த வருடம் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு ஒழுங்கு செய்வதற்காகக் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அம்மாவின்ர திதி என்ன?" என்று கேட்டார்.  பக்கத்தில் நின்ற வசந்தி ரிசீவரை வாங்கி, மாதம், பட்சம், திதி எல்லாம் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். என் தாய் இறந்த திதி என் மனைவிக்கு மனப்பாடம். எனக்கு அது தெரியாது. அன்று பின்னேரம் முழுக்க நான் அவளோடு கதைக்கவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள், லண்டன்காரன் எழுதினால் குளிர், வேலை, வெள்ளைக்காரன் என்று ஏதாவது இருக்கும் என எதிர்பார்ப்பீர்கள். குளிருக்குக் குறைவில்லை, அதைப் பற்றிப் பிறகு ஒருநாள் அழலாம். இது ஒரு ருஷ்யச் சரக்குக் கலத்தில் தொடங்குகிற கதை. தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் மொஸ்கோவில் மின்னணுவியல் படித்தவன். சோவியத் புலமைப்பரிசிலில் போனேன். படிப்பு முடிகிற நேரத்தில் எண்பத்து மூன்றின் இனக்கலவரம் வந்தது. ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் லண்டனுக்கு வந்தேன். என் பட்டத்தை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. கவுன்சில் அலுவலகத்தில் ஒரு பெண், அதில் இருந்த ருஷ்ய எழுத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்கள் தாய்மொழியா?" என்று கேட்டாள். கடைசியில் எனக்குச் சோறு போட்டது அந்த எழுத்துத்தான். ஹோபனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. விண்கலங்களுக்குக் காப்புறுதி செய்கிற கம்பனிகள் இங்கேதான் இருக்கின்றன. அவர்களுக்கு ருஷ்யச் செய்திகளையும் அறிக்கைகளையும் ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். அதுதான் என் வேலை.

அப்படித்தான் புரோகிரஸ் எனக்குச் சொந்தக்காரன் போல ஆனது. மீர் விண்வெளி நிலையத்தில் எப்போதும் இரண்டு மூன்று பேர் மாதக்கணக்கில் இருப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடு, தண்ணீர், எரிபொருள், மாற்று உடுப்பு எல்லாம் கொண்டுபோகிற கலம் புரோகிரஸ். அதில் ஆள் கிடையாது. தானே போய்த் தானே நிலையத்தோடு சேரும். சாமான் இறக்கிய பிறகு அதற்குள் குப்பையை நிரப்பிக் கழற்றி விடுவார்கள். திரும்பும் வழியில் பசிபிக் சமுத்திரத்துக்கு மேலே எரிந்துபோகும்.

சாமான் பட்டியல்களை மொழிபெயர்ப்பதில் எனக்கு ஒரு தனி ருசி இருந்தது. உதிரிப்பாகங்கள், வடிகட்டிகள் என்று வரிசையாக வரும். நடுவே உள்ளிப்பூண்டு, வெங்காயம் என்று இருக்கும். கடைசியில் அநேகமாக "குடும்பத்தாரின் கடிதங்கள்" என்ற வரி. அந்த வரியை மட்டும் நான் ஒருநாளும் அவசரமாக மொழிபெயர்த்ததில்லை.

மொஸ்கோவில் எங்கள் ஆசிரியர் ஒருவர் ஒரு கதை சொல்லியிருந்தார். எழுபதுகளின் கடைசியில், முதலாவது புரோகிரஸ் போன காலத்தில், மேலே இருந்த ஒருவருடைய தகப்பன் இறந்துபோனார். கீழே இருந்தவர்கள் அதை அவருக்குச் சொல்லவில்லை. கூட இருந்தவருக்கு மட்டும் சொன்னார்கள். அவர் அதை மனதில் பூட்டி வைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாதது போல அவரோடு சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து வேலை செய்து, தரையிறங்கிய பிறகுதான் சொன்னாராம். வகுப்பில் பாதிப்பேர் அது அநியாயம் என்றார்கள். சரியான காரியம் என்று எழும்பி நின்று வாதாடியவன் நான்.

அதோடு விட்டேனா? லண்டனில் எங்கள் கிங்ஸ்பரி வீட்டில், சாப்பாட்டு மேசையில், வசந்திக்கும் மகள் ஆரணிக்கும் அந்தக் கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "மேலை இருக்கிறவனுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? இறங்கி வர ஏலுமோ அவனுக்கு?" என்று முடிப்பேன். பெரிய ஞானி மாதிரி.

3

தொண்ணூற்றாறில் அம்மாவும் அக்காவும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் தம்பி குகனோடு இருந்தார்கள். ஞாயிறு தோறும் நான் தொலைபேசி எடுப்பேன். அம்மாவுக்குக் காது மந்தம். "சாப்பிட்டியோ? குளிருக்குள்ள திரியாதை" என்று இரண்டு வசனம் சொல்லிவிட்டு ரிசீவரை அக்காவிடம் கொடுத்துவிடுவாள். எனக்கு அந்த இரண்டு வசனம் போதும்.

தொண்ணூற்றேழு வைகாசியில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். அளவுச் சீட்டை வரவழைத்து, கிங்ஸ்பரி றோட்டில் கண்ணாடி செய்வித்தேன். ஆனி நடுப்பகுதியில் தெரிந்தவர் ஒருவர் கொழும்புக்குப் போவதாக இருந்தது. பயணம் போகிறவருடைய பெட்டியில் பாதி மற்றவர்களின் சாமான்தான் என்பது இங்கே எழுதாத சட்டம். அவர் எனக்கு ஒரு சின்னப் பெட்டி அளவுக்கு இடம் தந்தார்.

அதை நான் புரோகிரஸ் மாதிரியே அடுக்கினேன். சிரிக்காதீர்கள். பாரமானது அடியில், உடையக்கூடியது நடுவில், முதலில் தேவைப்படுவது மேலே. கால் வீக்கத்துக்கு இறுக்கமான காலுறை, இரண்டு பருத்திச் சட்டை, தைலம், கம்பளிச் சால்வை, நடுவில் கண்ணாடிக் கூடு. எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். எல்லாவற்றுக்கும் மேலே கடிதம். அம்மா பிரித்தவுடன் என் எழுத்தைக் காண வேண்டும் என்பது திட்டம். பெட்டி பூட்டுப்படவில்லை. வசந்தி மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தாள், நான் பூட்டினேன். இருவரும் சிரித்தோம்.

அடுத்த ஞாயிறு குகன் சொன்னான்: "பெட்டி கிடைச்சுது அண்ணை. அம்மாவுக்குச் சரியான சந்தோசம். கண்ணாடி அளவாய் இருக்குதாம். இப்ப பேப்பர் எல்லாம் வாசிக்கிறா."

"அம்மாவிட்டைக் குடன்."

"கோயிலுக்குப் போட்டா அண்ணை."

அதற்கு முதல் ஞாயிறு அம்மா நித்திரை. அதற்கும் முதல் ஞாயிறு குளித்துக்கொண்டிருந்தாள். வயதானவள், நித்திரை கொள்ளட்டும், குளிக்கட்டும், கோயிலுக்குப் போகட்டும் என்று நினைத்தேன்.

4

அந்தக் கிழமை புதன்கிழமைதான் மீரில் மோதல் நடந்தது. சித்திரை மாதம் சாமான் கொண்டுபோன புரோகிரஸ் ஒன்றை, குப்பை நிரப்பிக் கழற்றிய பிறகு, திரும்பச் சேர்த்துப் பார்க்கும் ஒரு சோதனை. இந்த முறை தானியங்கியில் இல்லாமல், நிலையத்துக்குள் இருந்தபடியே தளபதி திரையைப் பார்த்துக் கையால் ஓட்ட வேண்டும். கலம் வேகம் குறையாமல் வந்து நிலையத்தில் இடித்தது. ஒரு பகுதியில் துளை விழுந்து காற்று வெளியே போகத் தொடங்கியது. கதவைச் சாத்தவும் முடியவில்லை, ஏனென்றால் அதனூடாக வயர்கள் ஓடின. அவற்றைக் கழற்றியும் வெட்டியும் அந்தப் பகுதியை மூடித்தான் மூன்று பேரும் உயிர் தப்பினார்கள். அவர்களில் ஒருவர் இங்கிலாந்தில் பிறந்தவர் என்பதால் லண்டன் பத்திரிகைகளுக்கு இரட்டிப்புப் பரபரப்பு. எங்கள் அலுவலகத்தில் ஃபாக்ஸ் மெஷின் ஓயவில்லை.

சனிக்கிழமை ஆரணியின் சாமத்தியச் சடங்கு. பாடசாலை மண்டபம் ஒன்று மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்தாகிவிட்டது. முந்நூறு பேருக்கு அழைப்பு. வியாழனும் வெள்ளியும் நான் வீட்டுக்கு வந்ததே பிந்தித்தான். வசந்தி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்கள் அந்தக் கப்பலைப் பாருங்கோ, நான் இதைப் பாக்கிறன்" என்றாள். இப்படி ஒரு மனைவி எவனுக்குக் கிடைப்பாள் என்று மார்கரெட்டிடம் பெருமையடித்தேன். மார்கரெட் எங்கள் மேலாளர்.

சடங்கு நன்றாக நடந்தது. நான் பட்டு வேட்டியும் மாலையுமாக வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றேன். எல்லோரும் என்னோடு வழமையை விட அன்பாக இருந்தார்கள். ஒரு வயதான பெண் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து விடாமல் வைத்திருந்தார். ஒருவர் தோளைத் தட்டி, "தைரியமாய் இருக்கவேணும் தம்பி" என்றார். மகள் பெரியவளானதற்கு ஏன் தைரியம் என்று எனக்கு விளங்கவில்லை. மீர் விசயத்தைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து, "பிரச்சினை இல்லை அண்ணை, துளையை மூடிட்டாங்கள்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை வீடியோவில் இருக்கிறது.

5

திங்கட்கிழமை குகன் எடுத்தான். அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை என்றான். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறோம் என்றான். புதன்கிழமை, "அண்ணை, அம்மா போட்டா" என்றான்.

நான் படியில் உட்கார்ந்து அழுதேன். வசந்தி என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போக வழியில்லை. குடியுரிமை விண்ணப்பத்தோடு என் பயணப் பத்திரங்கள் எல்லாம் உள்துறை அலுவலகத்தில் கிடந்தன, கேட்டால் எழுத்தில் கேள் என்பார்கள். வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு, காத்தேன். கோயிலுக்குப் போகவில்லை, மச்சம் மாமிசம் தொடவில்லை. முப்பத்தோராம் நாள் தேம்ஸ் ஆற்றோரம் ஓர் ஒதுக்கிடத்தில் ஐயரைக் கொண்டு அந்தியேட்டிக் கிரியை செய்தேன். சடங்கு முடிந்த பிறகுதானே போனாள், பேத்தியின் நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்காமல் போனாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள்.

ஆவணியில் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. நான் எடுத்த துக்க விடுமுறைக்கு ஏதாவது அத்தாட்சி வேண்டுமாம். மரணச் சான்றிதழ் கேட்டேன், குகன் இன்னும் எடுக்கவில்லை என்றான். பத்திரிகை அறிவித்தலை வெட்டி அனுப்பு என்றேன்.

"பேப்பரிலை போடேல்லை அண்ணை."

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. எங்கள் ஆட்களில் எவன் தாய் செத்துப் பேப்பரில் போடாமல் இருப்பான்? வசந்தியோ, "அதை விடுங்கோ, வருட விடுமுறையிலை கழிக்கச் சொல்லுங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். குகனின் கஞ்சத்தனம் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனாலும் பார்த்துவிடுவோம் என்று ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன். எங்கள் பகுதிக் கடைக்காரர் ஆனி மாதம் முழுக்க, "இந்தக் கிழமை பேப்பர் வரேல்லை அண்ணை, பிளேன் பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அவரை நம்பிப் பயனில்லை, தெரிந்தவர்கள் முன் தேடவும் வெட்கம், ஆகவே என்னை ஒருவருக்கும் தெரியாத கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனேன்.

அங்கே ஒரு கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பழைய கொழும்புப் பத்திரிகைகள் அடுக்கி இருந்தன. ஆடி மாதத்துக் கட்டை முழுக்கப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. கடைக்காரர், "எந்த மாசம் அண்ணை? ஆனி மாசக் கட்டும் கிடக்கு, பாக்கிறியளோ?" என்றார். தேவையில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சும்மா கைபோன போக்கில் புரட்டினேன்.

அம்மாவின் படம் இருந்தது. பழைய கண்ணாடி போட்ட படம். கீழே வழமையான வாசகம். கொழும்பில் காலமானார், அன்னார் காலஞ்சென்ற கந்தையாவின் அன்பு மனைவியும், இராசமணி, பரமேஸ்வரன் (லண்டன்), குகன் ஆகியோரின் பாசமிகு தாயாரும், வசந்தியின் அன்பு மாமியாரும், ஆரணியின் அப்பம்மாவும் ஆவார்.

பரமேஸ்வரன் நான்தான். நான் கண்ணாடிக் கடையில் பிறேம் தெரிவு செய்துகொண்டிருந்த கிழமையில், பரமேஸ்வரன் (லண்டன்) பேப்பரில் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறான். என்னிடம் மறைக்க முடிந்த குகனுக்கு, அறிவித்தலில் லண்டன் என்ற சொல்லைப் போடாமல் விட மனம் வரவில்லை. ஊர் என்ன சொல்லும்!

திகதியைப் பார்த்தேன். சடங்குக்கு இருபத்து நான்கு நாளுக்கு முன் இறந்திருக்கிறாள். துடக்கு முப்பத்தொரு நாள். கணக்கு அவ்வளவு இலகுவானது. எனக்குத் தெரிந்திருந்தால் மண்டபம் இல்லை, மாலை இல்லை, வீடியோ இல்லை. கடைக்காரர் தண்ணீர் தந்தார். நான் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, ஏதாவது வாங்க வேண்டுமே என்று ஒரு பக்கற் மிளகாய்த்தூள் வாங்கினேன்.

6

"நீர் எப்ப அறிஞ்சனீர்?" என்று வசந்தியிடம் கேட்டேன். பத்திரிகைப் பக்கம் மேசையில் கிடந்தது.

"அண்டைக்கே. குகன் என்ர வேலைக்குப் போன் எடுத்துச் சொன்னவர்."

"பெட்டி அடுக்கேக்கை உமக்குத் தெரியும்."

"ஓம்."

"மூடியிலை ஏறி இருக்கேக்கையும் தெரியும்."

அவள் அழத் தொடங்கினாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அதை மறைக்காமல் எழுதுகிறேன். மீரில் மூன்று பேர் பசியோடு காத்திருந்தார்கள், அவர்களுக்குப் போனது ஆளில்லாத கலம். என் பெட்டி போனது அதற்கு உரிய ஆளில்லாத வீட்டுக்கு. அந்தக் கடிதத்தில் நான் எழுதியவற்றை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அதை யார் பிரித்தார்கள், வாசித்துவிட்டு என்ன செய்தார்கள் என்று இதுவரை கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"பிள்ளையின்ர சடங்கு. ஒருக்காத்தான் வரும்" என்றாள் வசந்தி. "சொன்னால் மட்டும் நீங்கள் போயிருப்பியளோ? உங்களுக்குப் போக ஏலுமோ? நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் சொல்லுறனீங்கள், மேலை இருக்கிறவனுக்குச் சொல்லி என்ன பிரயோசனமெண்டு."

  மொஸ்கோ வகுப்பில் எழும்பி நின்ற அந்த முட்டாளை இழுத்து இருத்த வேண்டும்போல் இருந்தது. அந்த விண்வெளிவீரர் தரையிறங்கிய பிறகு என்ன சொன்னார் என்று ஆசிரியர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆரணி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. "உனக்கும் தெரியுமோ?" என்றேன்.

"எவ்ரிபடி நியூ, அப்பா" என்றாள். பிறகு, "தமிழ் ஸ்கூல்லகூட" என்றாள்.

ஹரோவில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவளை இழுத்துக்கொண்டு போனவன் நான். அங்கே என் தாயின் சாவு பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் வகுப்புக்குப் போக மறுத்தாள். நான் வற்புறுத்தவில்லை. எதைக் காரணம் காட்டி வற்புறுத்துவது?

7

இதெல்லாம் நடந்து ஒரு வருடம். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், பில் கட்டுகிறோம். கெட்டது ஒன்றே ஒன்று. நல்ல செய்தி எதையும் என்னால் நம்ப முடிவதில்லை. கெட்ட செய்தி என்றால் கேட்டுக்கொள்ளலாம். யாராவது சுகமாக இருக்கிறார் என்று சொன்னால்தான் எனக்குப் பயம் வருகிறது.

அம்மாவின் காரியங்கள் முடிந்ததும் அக்கா வீட்டைப் பார்க்கவென்று யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போயிருந்தாள். இந்த வருடம் திவசத்தன்று குகன் எடுத்தபோது, நான் கேட்காமலே, "அக்கா நல்ல சுகமாய் இருக்கிறா அண்ணை" என்றான். 

"நான் அவவின்ர குரலைக் கேக்கவேணும்."

"அங்கை எங்க அண்ணை போன்? கடிதம் போட்டிருக்கிறா, அனுப்பிறன்."

"கடிதம் வேண்டாம். குரலைக் கேக்கவேணும்."

ஏழு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. குகன் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னான். துக்கம் காப்பவன் போல நான் மூன்று நாள் சவரம் செய்யாமல் இருந்தேன்.  எட்டாவது ஞாயிறு ரிசீவரில் அக்காவின் இருமல் கேட்டது. அந்த இருமலை யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது.

"தம்பி, கேட்டியோ என்ர குரலை? திருப்திதானே?" அவளுக்குக் கோபம். "கொழும்புக்கு வர ஆமியிட்டைப் பாஸ் எடுக்க ஒரு மாசம். பிறகு கப்பல். திருகோணமலையிலை இறங்கி ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் இறக்கி ஏத்திறாங்கள். நான் உயிரோட இருக்கிறனெண்டு உனக்குக் காட்டுறதுக்கு நான் சாகப் பாத்தன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நீ வசந்தியோட கதைக்கிறேல்லையாம். குகனைத் திட்டிறியாம். அவையிலை பிழையில்லை. அம்மாதான் சொன்னவ. பெரியவனுக்குச் சொல்லாதேங்கோ, பிள்ளையின்ர சடங்கு முடியட்டுமெண்டு. என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவ."

 அம்மாவே சொன்னாளா? அப்படியானால் நான் ஒருவரையும் கோபிக்கத் தேவையில்லை. ஒரு வருடமாகத் தூக்கித் திரிந்ததை அப்படியே இறக்கி வைத்துவிடலாம். சமையலை விட்டுவிட்டு வசந்தி குசினி வாசலில் கை துடைக்கும் துவாயோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப அக்கா சொன்னவ?" என்று கேட்டேன்.

அக்கா ஒருமுறை இருமினாள்.

"கடைசிக்கு முதல் நாள்" என்றாள்.

எல்லாம் தெரிந்த பிறகு, போன வருடம், குகன் அழுதபடி எனக்கு ஒன்று சொல்லியிருந்தான். அம்மா கடைசி மூன்று நாளும் கண் திறக்கவில்லை, ஒரு சொல் கதைக்கவில்லை, அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள் என்று. குகன் அதை எனக்குச் சொன்னது அக்காவுக்குத் தெரிந்திராது.

"ஓம் அக்கா, அம்மா அப்பிடித்தான் சொல்லுவா" என்றேன். "நீங்கள் கவனமாய்த் திரும்பிப் போங்கோ."